ஞானதுரை அண்ணாச்சி கிட்டார் கம்பி மாற்றினது

முத்தாபுரம் கோயில் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற ஞானதுரை அண்ணாச்சிக்குக் கர்த்தர் இரண்டு தாலந்து கொடுத்திருந்தார். ஒன்று கிட்டார், இன்னொன்று புளுகு. எதை அவர் நாள் தவறாமல் பழகினார் என்று அவர் மனைவி தேவகிருபைக்குத்தான் தெரியும். வீட்டில் கிட்டாருக்கு உறை உண்டு, வாய்க்குக் கிடையாது.

மறுநாள் அசனப் பண்டிகை. ஊரெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தார்கள். அந்தக் காரம் பாட்டு அறை வரைக்கும் வந்ததால், சந்தோஷமான பாட்டைக்கூட எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார்கள்.

பண்டிகைப் பாட்டின் தொடக்கம் கிட்டாருக்கு உரியது. வேறு யாரும் வாசிக்கக் கூடாது, பாடக் கூடாது. எட்டே எட்டு தாள எண்ணிக்கைதான். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி வருஷம் முழுக்க அந்த எட்டு எண்ணிக்கைக்காகத்தான் சட்டைக்குக் கஞ்சி போட்டார். ஆனால் அவர் கிட்டாரில் இருந்தது பதினோரு வருஷத்துக் கம்பி. கடற்காற்றில் துருவேறி, போன ஞாயிறு காணிக்கைப் பாட்டின் நடுவில் இரண்டு கம்பி அறுந்தே போயின.

பாடகர் குழுத் தலைவி சொர்ணபாய் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள புதுக் கம்பி மாட்டி, எல்லார் காதுலயும் விழுற மாதிரி சத்தம் வரணும். வரலைன்னா தொடக்கத்த ஜெர்வின் கீபோர்டுல வாசிச்சுருவான்."

கீபோர்டு வாசிக்கிற ஜெர்வின் பேங்கில் வேலை பார்க்கிற வாலிபன். அண்ணாச்சியை மாமா என்பான். அவன் விரல்களைச் சொடக்கு எடுத்துக்கொண்டான். பாடகர் வரிசையில் இருந்த தேவகிருபை கணவரைப் பார்த்தாள். அந்த எட்டு எண்ணிக்கை போய்விட்டால் இந்த மனுஷன் பண்டிகைச் சோற்றைத் தொட மாட்டார்.

அண்ணாச்சி கலங்கவில்லை. பழைய கம்பிகளை லைன்மேன் கட்டிங் பிளையரால் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பையிலிருந்து புது பாக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"டீச்சர், கம்பியப் பொறுக்கி எடுக்கதுன்னா லேசுப்பட்ட காரியம்னு நெனைக்காதீங்க. தூத்துக்குடில அந்தக் கடைக்காரன் நானூறு பாக்கெட்ட எடுத்துப் போட்டான். ஒண்ணையும் பிரிக்கல. காதுகிட்ட வச்சுக் கேட்டே முந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்பதக் கழிச்சுட்டேன். 'இதுல மூணாங்கம்பிக்குச் சளி புடிச்சிருக்குவே'ன்னேன். பிரிச்சுப் பாத்தா அப்பிடியே இருக்கு."

"சளியா மாமா?" என்றான் ஜெர்வின்.

"இருமுதுல! கடைக்காரன் கண்ணுல தண்ணி. 'அண்ணாச்சி, நீங்க கல்லாவுல உக்காருங்க, நான் வீட்டுக்குப் போறேன்'ங்கான்."

தேவகிருபை பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, 'ஆண்டவரே, இவுகளோட வாய்க்கு ஒரு காவல் வையும்' என்று மன்றாடினாள். கல்யாணமான முப்பத்திரண்டு வருஷமாக அவள் செய்கிற ஜெபம் அது. காவல் வந்த பாடில்லை.

அண்ணாச்சி முதல் கம்பியை உருவி எடுத்தார். அது வெளிச்சத்தில் கண்ணாடிபோல மின்னியது.

"என்ன மாமா, தூண்டில் நரம்பு மாதிரி இருக்கு?"

"ஒனக்கு என்னல தெரியும்? இது துருவே புடிக்காத கம்பி. கடலுக்குள்ளயே முக்கி வச்சாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கும்." சொல்லிக்கொண்டே அடிப்பக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, மேலே தலைப்பக்கத்துத் திருகில் சுற்ற ஆரம்பித்தார். "கம்பியப் பத்தி லைன்மேனுக்கா சொல்லித் தாற? தொண்ணூத்தி மூணு கிறிஸ்மஸ்ல மொதக் கம்பி டப்புன்னு அறுந்துட்டு. பாட்டு நிக்கக் கூடாதுல்லா? ஒரு கையால வாசிச்சுக்கிட்டே மறு கையால போஸ்ட்ல ஏறினேன்."

"கிட்டார் வாசிக்க ரெண்டு கை வேணுமே மாமா."

"அது ஒனக்கு வேணும்ல. மேல பதினோராயிரம் வோல்ட் லைன்ல ஒரு இழையப் பிரிச்சு, கரண்டோட அப்பிடியே மாட்டிட்டேன். மேல்சுரம் வாசிச்சா தெருவிளக்கு பளிச்சுங்கு, கீழ்சுரம் வாசிச்சா மங்கிப் போவுது. நாலாவது சரணத்துல பக்கத்து ஊர்ல ஒரு வீட்டு மிக்ஸி தானா ஓடிச் சட்னி அரைச்சுட்டு!"

"தேங்கா யாரு போட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர்.

"அத அந்த வீட்டம்மாட்டத்தான் கேக்கணும் டீச்சர். எனக்குத் தெரியாதத நான் சொல்ல மாட்டேன்."

மூன்று கம்பி ஏறிவிட்டது. மணி நாலே முக்கால். டீச்சர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அண்ணாச்சியின் கையும் வேகம் பிடித்தது, வாயும் வேகம் பிடித்தது.

"கம்பிய ரொம்ப முறுக்கப்படாது. ஒரு தடவ அப்பிடி முறுக்கினதுல நாலாங்கம்பி அறுந்து ஜன்னல் வழியா பறந்துட்டு. சரி போவுதுன்னு விட்டுட்டேன். அது நேரா கடலுக்குப் போயி, ஆறு கிலோ சீலா மீனச் சுத்தி வளைச்சு இழுத்துக்கிட்டு, வந்த வழியாவே திரும்பி எங்க வீட்டு அடுப்படில வந்து விழுந்துச்சு. சாட்சி வேணுமா? ஏட்டி கிருபை, நீதான கொழம்பு வச்ச?"

அறை முழுக்க தேவகிருபையைத் திரும்பிப் பார்த்தது. பொய் சொன்னவள் இல்லை அவள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வயதைக் கேட்டால்கூட மாசத்தோடு சொல்லுவாள்.

"சீலா மீன் கொழம்பு வச்சது உண்மைதான்" என்றாள் மெல்ல. எந்த வருஷம், யார் வாங்கி வந்த மீன் என்பதை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டீங்களா! இந்தத் தடிமனான ஆறாங்கம்பி இருக்கே, இது அதுக்கும் மேல. போன தடவ இதத் திருகத் திருக, கிட்டார் அசையல. கோயில் கோபுரம் சாயுது! சபையார் அத்தன பேரும் பெஞ்சோட தெக்க நகருதாங்க. குருவானவர் அய்யர் பிரசங்க பீடத்தக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, 'ஞானதுரை, அரைத் திருகு தளத்து'ன்னு கத்துதாரு. தளத்தினேன். கோபுரம் நிமிந்துட்டு. இன்னைக்கும் பாருங்க, லேசா ஒரு சாய்வு இருக்கும்."

"அது கொத்தனார் கட்டும்போதே அப்பிடித்தான்" என்றார் டீச்சர். "மணி அஞ்சு. வாசிங்க."

அண்ணாச்சி எழுந்து நின்றார். ஒயரை ஆம்ப்ளிபயரில் சொருகினார். சட்டையை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, ஆறு கம்பியையும் சேர்த்து ஓங்கி ஒரு அடி அடித்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கக் கொட்டகையில் யாரோ வெங்காயத் தோலைக் கூட்டுகிற சத்தம்தான் கேட்டது.

ஆம்ப்ளிபயரைக் கூட்டி வைத்தார்கள். ஒயரை மாற்றினார்கள். மறுபடி அடித்தார். கொசு பறக்கிற அளவுக்குக்கூட வரவில்லை. 'ஐயோ, நான் வாய்க்குத்தான காவல் கேட்டேன்! கிட்டாருக்கா கேட்டேன்?' என்று தேவகிருபை பதறிப்போனாள்.

ஜெர்வின் குனிந்து கம்பியைத் தடவிப் பார்த்தான். "மாமா, இது நைலான். சாதாக் கிட்டார்ல போடுறது. இந்தக் கிட்டாருக்குள்ள காந்தம்லா இருக்கு. இரும்புக் கம்பி ஆடினாத்தான் அதுக்குத் தெரியும். நைலான் நாள் முழுக்க ஆடினாலும் தெரியாது."

"பழைய கம்பி மிச்சம் இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் குப்பைக் கூடையைப் பார்த்தார்கள். அதில் முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு துண்டும் இல்லை.

ஞானதுரை அண்ணாச்சி வாயைத் திறந்தார். சத்தம் வருகிறது, உங்கள் காதுக்குத்தான் எட்டவில்லை என்கிற மாதிரி என்னவோ சொல்லப் போனார். ஆனால் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, கிட்டாரை மடியில் வைத்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கின ஆள், கீழே விழுந்த காக்காக்குஞ்சு மாதிரி இருந்தார்.

முப்பத்திரண்டு வருஷ ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. தேவகிருபையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சரி, ஜெர்வின், நீ தொடக்கத்த..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"டீச்சர்! கம்பியில ஒரு குத்தமும் இல்ல."

எழுந்து நின்றது தேவகிருபை. ஆமென் தவிர வேறு எதையும் அந்த அறையில் சத்தமாகச் சொல்லாதவள்.

"புதன்கெழம வீட்டுல இதே கம்பிய, பாக்கெட்டப் பிரிக்காமலே, மேலாக்க ஒரு சுண்டு சுண்டிப் பாத்தாவ. அந்தச் சத்தத்துக்கு எங்க வீட்டுக் கோழி வரிசையா ஏழு முட்ட போட்டுச்சு. கரண்டியால தட்டிப் பாத்தேன். ஏழு முட்டையும் ஏழு சுரம்."

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நிறுத்தவும் முடியவில்லை.

"எட்டாவதா ஒண்ணு போட வந்துச்சு டீச்சர். சுருதி சேரலைன்னு திரும்ப உள்ள இழுத்துக்கிட்டு. சேவல் கூரையில நின்னு தாளம் போட்டுச்சு. கம்பியில இருந்த சத்தம் பூரா அன்னைக்கே எறங்கிட்டு. அதான் இப்ப வரல. கெணறு மாதிரி, பொறுத்தா ஊறும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முகம் செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது. அவர்கள் வீட்டில் கோழியும் கிடையாது, சேவலும் கிடையாது, கூடுகூடக் கிடையாது. அது அந்தத் தெருவுக்கே தெரியும்.

சொர்ணபாய் டீச்சர்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அறையே கொல்லென்றது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊறுற வரைக்கும் காத்திருக்க முடியாது. ஏ ஜெர்வின், வண்டிய எடு. தூத்துக்குடில கடை எட்டு மணி வரைக்கும் தெறந்திருக்கும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு, இரும்புக் கம்பின்னு கேட்டு வாங்கிட்டு வா. தொடக்கம் அண்ணாச்சிதான்" என்றார்.

ஜெர்வின் வாசலில் நின்று, "அத்தை, அந்த எட்டாவது முட்ட இன்னும் உள்ளதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

ஞானதுரை அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஏட்டி கிருபை, கோயில் காம்பவுண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு இப்பிடியா கூசாமப் புளுகுவ? நம்ம கோழி ஆறு முட்டதான போட்டுச்சு."