மோர்ப்பானையும் மூணு ஓலையும்

முன்னொரு காலத்துல, காக்கா கூட வெள்ளையா இருந்த காலத்துல, தாழையூர்னு ஒரு ஊர் இருந்துச்சு. எந்தப் பக்கம்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. கதை தெரியும், அது போதும்.

அந்த ஊர்ல காத்தாயி மோர் வித்தா. அவளுக்கு ஒரே மக மருதாயி, ஒன்பது வயசு. அப்புறம் ஒரு ஆடு. அது சும்மா இருக்காம கூரையைத் தின்னுக்கிட்டே இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முழங்கால் வரைக்கும் தாடி வச்ச மந்திரவாதி ஒருத்தன் வந்து மோர் குடிச்சான்.

"சீ! புளிக்குது!"

"புளிக்காம இருக்க அது என்ன பாலா சாமி?"

அவ்வளவுதான். மந்திரவாதிக்கு மூக்கு மேல கோவம் வந்துடுச்சு. "என்கிட்டயே வாயாடுறியா? பானையாப் போ! பௌர்ணமிக்குள்ள மாறலைன்னா காலம் பூரா பானைதான்!" காத்தாயி நின்ன இடத்துல ஒரு மண்பானை உட்கார்ந்திருந்துச்சு. மருதாயி தொட்டுப் பார்த்தா. அம்மா கை மாதிரியே வெதுவெதுன்னு இருந்துச்சு. பாவம், அழுதா அழுதா, அப்படி அழுதா.

ஏரிக்கரை ஆலமரத்துல கோணக்காது பூதம்னு ஒண்ணு உண்டு. காது கேட்காது. ஓலையில எழுதிக் கொடுத்தா எதையும் செய்யும். ஆளுக்கு மூணே ஓலை. பௌர்ணமிக்கு மூணு நாள் இருக்கு. மருதாயி பானையை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடினா.

பூதம் சொல்லுச்சு: "ஓலைக்கு ஒரு வேலை. மேல இருந்து கீழ படிப்பேன். படிச்சபடி செய்வேன்."

மருதாயி எழுத்தாணியை எடுத்தா. மனசுல இருந்ததையெல்லாம் கொட்டினா. *எங்க ஆடு கூரையைத் தின்னுடுச்சு. ஆட்டுக்கு நாலு கால். பானைக்குக் கால் வேணும். எனக்குப் பசிக்குது. மந்திரவாதிக்குத் தாடி. அம்மா பாவம்.*

பூதம் படிச்சுது. தலையைச் சொறிஞ்சுது. படிச்சபடி செஞ்சுது. பானைக்கு நாலு ஆட்டுக்கால் முளைச்சுது! அடியில ஒரு தாடியும் முளைச்சுது! பானை டக்கு டக்குன்னு கரையில ஓடி, ஒரு கல்லுல மோதி விழுந்துச்சு. காலும் தாடியும் உதிர்ந்துபோச்சு. அதுமட்டுமா? விளிம்புல ஒரு சில்லும் போச்சு. "ஐயோ அம்மா!"ன்னு மருதாயி பானையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

மறுநாள் பயந்து பயந்து எழுதினா. நிறைய எழுதினாத்தானே வம்பு? ரெண்டே வார்த்தை. *அம்மா வேணும்.*

பூதம் படிச்சுது. தலையைச் சொறிஞ்சுது. படிச்சபடி செஞ்சுது. தாழையூர்ல எத்தனை அம்மா உண்டோ அத்தனை பேரும் ஏரிக்கரையில வந்து நின்னாங்க! ஒருத்தி கையில கரண்டி, ஒருத்தி தலையில எண்ணெய், ஒருத்தி பாதி கட்டின சேலையோட.

"அடியே, அடுப்புல சோறு கொதிக்குதுடி! யார் இந்த வேலை பண்ணது?"

மருதாயி தேம்பித் தேம்பிச் சொன்னா. ஆட்டுல ஆரம்பிச்சு, தாடிக்குப் போய், கூரைக்கு வந்து, மறுபடி ஆட்டுக்கே போனா. கரண்டிக்காரி வெள்ளையம்மா காதைப் பொத்திக்கிட்டா. "தலையும் புரியல, வாலும் புரியல. உங்கம்மா தெருவுல கூவினா, அடுப்படியில இருக்கிற எங்களுக்கே புரியுமேடி! அவ மகளா நீ?"

அப்படிச் சொல்லிட்டு எல்லாரும் போயிட்டாங்க. சோறு தீயுதே!

மருதாயி தனியா உட்கார்ந்து அம்மா கூவுறதை மெல்லக் கூவிப் பார்த்தா.

"மோரோ மோரு! நேத்து உறை ஊத்தின மோரு! இஞ்சி தட்டிப் போட்ட மோரு! கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோரு! செம்பு கொண்டு வாங்கம்மா!"

மறுபடியும் கூவினா. மூணாவது தடவை கூவும்போது நிமிர்ந்து உட்கார்ந்தா. அம்மா எடுத்ததுமே என்னன்னு சொல்லிடுறா. அப்புறம் மோரைப் பத்தி மட்டுமே சொல்றா. கடைசியில என்ன செய்யணும்னு சொல்றா. ஒரு நாளாவது நடுவுல ஆட்டை இழுத்திருக்காளா? இல்லையே!

பௌர்ணமி அன்னைக்குக் காலையில மூணாவது ஓலை. அவசரப்படாம எழுதினா.

*இந்தப் பானை எங்கம்மா காத்தாயி. போன செவ்வாய்க்கிழமை மந்திரவாதி அவளைப் பானையா மாத்திட்டான். அவளுக்கு இடது முழங்கையில சூடுபட்ட தழும்பு இருக்கும். சிரிச்சா வலது கன்னத்துல குழி விழும். விளிம்புல சில்லு போனது என் தப்பு, அது அவளுக்கு வலிக்கக் கூடாது.*

இங்க வந்ததும் ஆட்டைப் பத்தி எழுத கை துறுதுறுன்னுச்சு. மேல மேகம் வேற கூடுது, வீட்டுல கூரை இல்ல. எழுத்தாணி ஓலையைத் தொட்டே தொட்டுடுச்சு. மருதாயி பல்லைக் கடிச்சுக்கிட்டு கையை எடுத்தா. அப்புறம் கடைசி வரி: *அதனால இந்தப் பானையை எங்கம்மாவா மாத்தி என் பக்கத்துல நிறுத்து.*

பூதம் படிச்சுது. தலையைச் சொறியல. "ம்"னு சொல்லுச்சு. படிச்சபடி செஞ்சுது.

காத்தாயி நின்னா! முழங்கையில தழும்பு, கன்னத்துல குழி, எல்லாம் அப்படியே. மருதாயி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கிட்டா. அம்மா சிரிச்சா. சிரிச்சப்போ பார்த்தா, முன்பல்லுல ஒரு ஓரம் காணோம்.

"அம்மா... வலிக்குதா?"

"இல்லையேடி. துளிகூட வலிக்கல."

வலிக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருந்தா? பல்லைச் சரி பண்ணுன்னு எழுதலையே! படிச்சபடிதான் செய்யும் பூதம்.

மந்திரம் முறிஞ்சா போட்டவனையே போய்ப் பிடிக்கும். மந்திரவாதி இப்போ சந்தையில சாம்பல் அள்ளுற பானையா இருக்கான். தாடி மட்டும் போகல. அன்னைக்கு மழை பெஞ்சு அம்மாவும் மகளும் தொப்பல் தொப்பலா நனைஞ்சாங்க, ஆடும் நனைஞ்சுது. யாரும் கவலைப்படல.

அந்த ஓரம் போன பல்லை மட்டும் காத்தாயி கடைசி வரைக்கும் மாத்திக்கவே இல்ல. யார் கேட்டாலும், "என் மக என்னை எழுதி வாங்கினப்போ விழுந்த அடையாளம்"னு சிரிப்பா. கதை சொல்லி எனக்குத் தொண்டை காஞ்சுபோச்சு. யாராவது ஒரு செம்பு மோர் கொண்டு வாங்கப்பா, புளிச்சாலும் பரவாயில்ல, நான் வாயைத் திறக்க மாட்டேன்.