படிக்க வைக்கும் இரண்டு மருத்துவமனைகள்

இந்தக் கதையில் மூன்று பேர் சந்தேகப்படுகிறார்கள். யார் பக்கம் நிற்பீர்கள் என்று பிறகு கேட்கிறேன்.

ஜெபஷீலா நாகர்கோவிலில் டயாலிசிஸ் பிரிவு உதவியாளர். ஆறு வருட அனுபவம் இருந்தும் இயந்திரத்தைத் தனியாக இயக்க அனுமதி இல்லை. அதற்கு டிப்ளமோ வேண்டும். படிப்புச் செலவை ஏற்கும் மருத்துவமனையைத் தேடினாள். இரண்டு கிடைத்தன. இனாமாகப் படிக்க வைப்பவர்களுக்கு உள்நோக்கம் ஏதாவது இருக்குமோ என்ற பயமும் கூடவே வந்தது.

முதல் மருத்துவமனையில் காபி கொடுத்து உபசரித்தார்கள். "ஃபீஸ் முழுக்க எங்க பொறுப்பும்மா. ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் ஆபீஸ்ல குடுத்துடுங்க, பத்திரமா இருக்கும்" என்றார் மேலாளர். படித்த பதினெட்டுப் பேரும் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். வெளியே வரும்போது அவர்களில் ஒருத்தியிடம், "இங்க எப்படிக்கா?" என்று கேட்டாள் ஜெபஷீலா. அந்தப் பெண் மேலாளரின் அறைக்கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று நகர்ந்துவிட்டாள்.

இரண்டாவது மருத்துவமனையின் டாக்டர் சந்திரமோகன் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஃபீஸ் நான் கட்டுவேன். கிளாஸ் இருக்கிற நாள்ல லீவு. சர்டிபிகேட் எதுவும் வேண்டாம்."

"இதுவரை எத்தனை பேர் படிச்சிருக்காங்க சார்?"

"ஆறு பேர்."

"இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல."

போனவர்களில் ஒருவருடைய போன் நம்பரைக் கேட்டாள். தயங்காமல் எழுதிக் கொடுத்தார். மறுமுனையில் பேசிய பெண், "பாஸானேன், மஸ்கட்ல வேலை கெடச்சுது, வந்துட்டேன். டாக்டர் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டாரு. ஆனா தடுக்கல" என்றாள்.

வீட்டில் இதையெல்லாம் கேட்டதும் நாத்தனார் மேபல் டாக்டர் வேண்டாம் என்று தலையாட்டினாள். "எல்லாரும் ஓடிப்போற எடத்துல என்னமோ இருக்கு. மொத எடத்துக்கே போ."

கணவன் எட்வினுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "அந்த டாக்டர் பாதியில நிறுத்திட்டா யாரைப் போய்க் கேப்ப? எழுத்துல ஒண்ணும் இல்லியே."

"சர்டிபிகேட்டக் கேக்குறவங்களத்தான் எனக்குப் பயமா இருக்கு. நான் டாக்டர்கிட்டயே போறேன்" என்றாள் ஜெபஷீலா.

இந்த மூவரில் யாருடைய சந்தேகம் சரி?

பதில்: மேபல் ஏமாந்துவிட்டாள். சர்டிபிகேட் ஆபீஸ் பீரோவில் இருக்கும்போது அந்தப் பதினெட்டுப் பேர் எங்கே போக முடியும்? ஜெபஷீலா அதைப் புரிந்துகொண்டாள். ஆனால் எட்வின் சொன்னதையும் தள்ள முடியாது; நல்லவர் சொன்னாலும் வாய்ச்சொல் வாய்ச்சொல்தான். கணவன் மனைவி இருவரின் சந்தேகமும் சேர்ந்ததே சரி. மறுநாள் அவள் டாக்டரிடம், "எழுதித் தர முடியுமா சார்?" என்று கேட்டாள். அவர் எரிச்சலோடு லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் படித்துத் தேறி ஒரு வருடம் ஆகிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இவள் ஏன் போகாமல் இருக்கிறாள் என்று இப்போது டாக்டர்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்.