தேசிங்கு வைத்த ரசம்

தாழனூரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனவர். அதனால் அந்த ஊரில் போர்க்கதை சொல்லிப் பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. சொல்கிறவன் ஒரு மலையின் பெயரைச் சொன்னால், கேட்கிறவன் அதே மலையில் இரண்டு வருஷம் காவல் நின்றிருப்பான். அப்பேர்ப்பட்ட ஊரில் நாயக் முனிரத்தினம், பென்ஷன் வாங்கி வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் புளுகிக்கொண்டிருந்தார் என்றால், அந்தத் துணிச்சலுக்கே தனியாக ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

அவர் புளுகுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் ஹவில்தார் கோதண்டம், முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர். வாயில் பொய் வராத மனுஷன். பேத்திக்கு அரை டிக்கெட் வயசு போன வாரம்தான் தாண்டியது என்று பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே சொல்லி, முழு டிக்கெட் வாங்கியவர். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை மருமகள் அவரோடு பேசவில்லை.

அந்த வருஷம், டவுனில் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருத்தருக்குப் படைவீரர்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. எல்லோருக்கும் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போகிறேன் என்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார். பந்தலைவிட உயரமாக பேனர். அதில் முதலாளி ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். படைவீரர்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தபால்தலை அளவில் வரிசையாக இருந்தார்கள். பொன்னாடை கொஞ்சம் பற்றாக்குறை. மேடையில் போர்த்திக்கொண்டவர்கள் இறங்குகிற படிக்கட்டில் அதை மடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்தவருக்கு ஆகும் என்று முதலாளியின் மேனேஜர் காதோடு காதாகச் சொல்லி வைத்தார். நாட்டுக்காக உயிரையே கொடுக்கப் போனவர்கள் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்களா என்ன.

கோதண்டத்தின் மனசை உறுத்தியது அதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தனக்கோடியம்மாள்தான். அவள் புருஷன் தேசிங்கு இவர்கள் படைப்பிரிவில் சமையல்காரர். பட்டாளத்துச் சமையல்கட்டை லங்கர் என்பார்கள். அந்த லங்கரிலேயே இருந்து, மஞ்சள் காமாலை வந்து, முகாம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நாலு நாள் முன்னால் அவள் கோதண்டத்தைத் தேடி வந்து, "எங்க வீட்டுக்காரரும் பட்டாளத்துக்காரருதானே தம்பி? அவரு பேரையும் மேடையில ஒரு தடவை சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போர்முனைக்குப் போனவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க அண்ணி. அண்ணன் லங்கர்லதானே இருந்தாரு?" என்றார் கோதண்டம். உண்மையைத்தான் சொன்னார். அவள் "சரி தம்பி" என்று போய்விட்டாள். போனவள் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கோதண்டத்தால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய முதலாளி பதினொன்று ஆகியும் வரவில்லை. மெடல் குத்திய கிழவர்கள் வெயிலில் வதங்கினார்கள். நாற்காலிகள் காலியாக ஆரம்பித்ததும் மேனேஜர் பதறிப்போய், "யாராவது எதையாவது பேசுங்களேன்" என்று மைக்கை நீட்டினார். அதை வாங்கியது முனிரத்தினத்தின் கை.

"குளிர்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். "மார்கழியில சொட்டர் போட்டுக்கினு குளிருதுன்றீங்களே, அதெல்லாம் ஒரு குளிரா? நாங்க இருந்த எடத்துல நிழலே உறைஞ்சி போயிடும். வெயில்ல உக்காந்து டீ குடிச்சிட்டு எழுந்தா நாமதான் எழுந்திருப்போம், நிழல் அங்கியே உக்காந்துக்கினு இருக்கும். கடப்பாரை போட்டு நெம்பித்தான் எடுக்கணும்."

"அது பள்ளத்தாக்கு. அங்க வெயிலே வராது" என்றார் கோதண்டம் முன்வரிசையிலிருந்து.

"ஒரே ஒரு நாள் வந்துச்சி. இவரு அன்னிக்கி லீவு" என்று முனிரத்தினம் அசராமல் தொடர்ந்தார். "நாங்க எழுந்து போயிட்டோம், நிழலுங்க மட்டும் வரிசையா உக்காந்திருக்கு. எதிரி பாத்தான். ஆளுங்கன்னு நெனச்சி சுட்டான். மூணு நாள் விடாம சுட்டான். கடைசில தோட்டா தீர்ந்து போயி, என்கிட்டயே ஆளனுப்பி ரெண்டு பெட்டி கைமாத்தா கேட்டான். குடுத்தனுப்பினேன். வாசல்ல வந்து கேக்கறவனை இல்லேன்னு எப்படிய்யா அனுப்பறது?"

எழுந்து போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முனிரத்தினத்துக்குச் சூடு ஏறிவிட்டது.

"அப்புறம் எனக்கு ஜலதோஷம். மேஜர் கூப்பிட்டு, முனிரத்தினம், நீ மட்டும் தும்மிடாதே, இது ஆர்டருன்னுட்டாரு. ஒரு மாசம் அடக்கி வச்சிருந்தேன். ஒரு நாள் பக்கத்துல ஒருத்தன் பொடி டப்பாவைத் தொறந்தான். விட்டேன் பாரு ஒண்ணு! எதிர்ல இருந்த மலையைக் காணோம். எங்கடான்னு பாத்தா அந்தாண்ட போய் நிக்குது. எல்லைக்கோட்டை அழிச்சி வரைய டில்லியிலேர்ந்து ஆளு வந்தாங்க. அந்தத் தும்மல்ல ரெண்டு ஊரு நமக்கு லாபம்."

"அந்த மாசம் பூரா நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தே" என்றார் கோதண்டம்.

"தும்மினப்புறம்தானேய்யா படுத்தேன்!"

கூட்டம் பந்தல் அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கடைசி வரிசையில் தனக்கோடியம்மாள் எழுந்து நின்றாள்.

"தம்பி, அப்போ எங்க வீட்டுக்காரரு எங்க இருந்தாரு?"

தேசிங்கு எங்கே இருந்தார் என்று கோதண்டத்துக்குத் தெரியும். தகரக் கொட்டகையில், மண்ணெண்ணெய் அடுப்பு முன்னால், புகையில் கண் சிவந்துபோய் இருந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து அத்தனை பேருக்கும் டீ போட்டது அவர்தான். இத்தனை வருஷத்தில் அதை யாரும் ஒரு கதையாகச் சொன்னதில்லை. முனிரத்தினம் மைக்கை இறக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"நல்லவேளை ஞாபகப்படுத்தின அண்ணி" என்றார் பிறகு. "இவ்ளோ நேரம் நான் சொன்னதெல்லாம் சும்மா. நெசம் இனிமேதான் வருது. பனி கொட்டி வழி அடைச்சிப் போச்சி. மூட்டையில இருந்தது ஒரு பிடி மிளகு, ஒரு உருண்டை புளி. தேசிங்கண்ணன் ரசம் வச்சாரு. மூடியைத் தொறந்ததும் ஆவி நேரா மேல போயி மேகத்துல கலந்துடுச்சி. அந்தாண்ட எதிரி பக்கம் ரசமா மழை பேயுது! ரெண்டு மலை தாண்டி இருந்தவனெல்லாம் துப்பாக்கியைக் கீழ வச்சிட்டு, தட்டை எடுத்துக்கினு எறங்கி வந்துட்டான். அண்ணன் ஒருத்தனையும் வெரட்டல. வரிசையில நில்லுங்கடான்னாரு. நம்மாளுக்கு ஒரு கரண்டி, அவனுக்கு ஒரு கரண்டி. குடிச்சவன் ஏப்பம் விட்டுட்டு, இனிமே உங்களை எப்படிய்யா சுடறதுன்னு வெக்கப்பட்டுக்கினு திரும்பிப் போயிட்டான். ஒரு தோட்டா செலவில்லாம அந்தச் சண்டை நின்னுது."

"நீ இன்னா பண்ணே?" என்று யாரோ வழக்கம்போலக் கேட்டார்கள்.

"நான் தட்டு கழுவினேன்."

முனிரத்தினம் சொல்லி, முனிரத்தினம் ஜெயிக்காத முதல் கதை அது. கோதண்டம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இதற்குள் முதலாளி வந்து, போட்டோகிராபரோடு மேடையோரம் நின்று கதையைப் பாதியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வேறொரு விழாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முதல் பொன்னாடையைக் கையில் எடுத்தவர், சந்தேகத்தோடு கோதண்டத்தைப் பார்த்தார்.

"நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்கன்னு மேனேஜர் சொன்னாரு. இவரு சொல்றது நடந்ததுதானா ஐயா?"

கோதண்டம் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தப்புங்க" என்றார்.

தனக்கோடியம்மாள் மெல்ல நாற்காலியில் உட்காரப் போனாள்.

"ரெண்டு மலை இல்லீங்க, மூணு மலை. மூணாவது மலையில காவலுக்கு நின்னவனே நான்தான். வாசம் வந்துது. போஸ்ட்டை அப்படியே வுட்டுட்டுத் தட்டோட ஓடினேன். காவலை வுட்டு ஓடினா தண்டனைங்க. விசாரிக்க கர்னலே வந்துட்டாரு. வந்தவரு மூக்கை உறிஞ்சிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், ரசம் மிச்சம் இருக்கான்னாரு. இல்லேன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. சல்யூட்டு அடிக்க வேண்டியது எனக்கில்லடா, அந்தக் கரண்டிக்குன்னாரு."

முனிரத்தினம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "யோவ் கோதண்டம், புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா?"

முதலாளி தனக்கோடியம்மாளை மேடைக்கு அழைத்து, "வீரர் தேசிங்கு அவர்களின் மனைவி" என்று மைக்கில் சொல்லிப் பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். உடனே காரில் ஏறிப் போய்விட்டார். மெடல் குத்திய கிழவர்களுக்குப் பொன்னாடையை மேனேஜர் கையில் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். படிக்கட்டில் தனக்கோடியம்மாளிடமும் கை நீட்டினார். அவள் பொன்னாடையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவரைத் தாண்டி இறங்கி வந்தாள்.

கோதண்டத்தின் முன்னாலும் முனிரத்தினத்தின் முன்னாலும் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"ஒரு தடவை லீவுல வந்தப்போ வீட்லயும் ரசம் வச்சாரு" என்றாள். "அந்த வாசம் தாங்காம, புள்ளைங்களைத் தூக்கிக்கினு நாங்க மூணு தெரு தள்ளிப் போய் உக்காந்தோம்."