ராஜா எடுத்த மூன்று குன்றிமணி

முன்னொரு காலத்தில் மருதவெளி நாட்டை மங்கலராயர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்பது ஒரு மரியாதைக்குத்தான். கடைசியாக யார் அவர் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னபடி நாடு நடந்தது. எங்காவது குதிரை கனைத்தால் "படையெடுப்பு!" என்பார். மோரில் உப்பு கூடினால் "சதி!" என்பார்.

அந்த அரண்மனையில் சங்கு முழங்கிய பிறகுதான் ராஜா சபைக்குள் வரவேண்டும். பதினெட்டு வருஷமாகச் சங்கு ஊதியவன் கூத்தன். "இந்தச் சபையில் எனக்குப் பிடித்த ஒரே சத்தம் இவன் சங்குதான்" என்று ராஜா ஒருமுறை சொல்லிவிட்டார். ஓயாமல் பேசும் சபை அதிகாரி சடையநம்பிக்கு அன்றிலிருந்து கூத்தனைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் காலையில் சங்கு முழங்கவில்லை. திரைக்குப் பின்னால் கிரீடத்தோடு நின்ற ராஜாவுக்குக் கால் கடுத்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி, "என்னய்யா, நான் வரலாமா கூடாதா?" என்றார்.

கூத்தன் சங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வியர்த்து நின்றான். "என்னால் முடியாது மகாராஜா. நான் ஊதினால் சத்தத்தோடு என் நினைப்பும் வெளியே போகிறது. ஊர் முழுக்கக் கேட்கிறது."

சபையில் நாலு பேர் சிரித்தார்கள். கூத்தன் அவர்களைக் கைகாட்டினான். "பாருங்கள், சிரிக்கிறார்கள். கேட்டதால்தானே சிரிக்கிறார்கள்?"

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றார் சடையநம்பி.

"கேட்காத மாதிரி நடிக்கிறீர்கள்."

"ஊரில் ஒருத்தர்கூட உன்னைப் பற்றிப் பேசவில்லையப்பா!"

"எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள்."

பேசி ஜெயிக்க முடியாத சடையநம்பி நேராக ராஜாவின் காதுக்குப் போனார். "இவன் வடக்கு நாட்டு ஒற்றன், மகாராஜா. நினைப்பு வெளியே போய்விடும் என்று பயப்படுகிறான் என்றால் அதில் ரகசியம் இருக்கிறது. நேற்று வடக்கு வாசலில் நின்றான், என் கண்ணால் பார்த்தேன்."

"வடக்கு நாட்டுக்காரன் வடக்கு வாசலில்! இதற்குமேல் என்ன வேண்டும்? யானைக் காலில் போடுங்கள்!" என்றார் ராஜா.

சடையநம்பி சொன்னதும் ராஜா தீர்ப்பளித்ததும் காதுக்கு எட்ட, அரண்மனைக்குப் பூக்கட்டும் நங்கை ஓடி வந்தாள். அவள் கூத்தனின் மனைவி. "மகாராஜா, அவர் ஒற்றர் இல்லை. இரண்டு மாதமாக அவருக்கு மனசில் நோய். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை."

"எனக்கு இரண்டு அத்தாட்சி கிடைத்தாகிவிட்டது. போதும்."

நங்கை ஒரு நொடி யோசித்தாள். "அப்படியானால் ஒரே ஒரு விளையாட்டு. நான் தோற்றால் அவரோடு என்னையும் யானைக் காலில் போடுங்கள்."

விளையாட்டு என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நங்கை வெளியே போய், துணியால் வாய்கட்டிய ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தாள். "இதில் குன்றிமணி இருக்கிறது. சிவப்பு அதிகமா, வெள்ளை அதிகமா என்று சொல்லவேண்டும். கையை விட்டு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்."

ராஜா துணிக்கடியில் கைவிட்டு எடுத்தார். சிவப்பு. மறுபடி சிவப்பு. இன்னொன்றும் சிவப்பு. "சிவப்புப் பானை! குழந்தைகூடச் சொல்லும்."

"இன்னும் எடுங்கள், மகாராஜா."

"ராஜாவுக்கு மூன்று போதும்!"

நங்கை பானையைக் கவிழ்த்தாள். தரையெல்லாம் வெள்ளை. ராஜா சிவந்துபோனார். "மாற்றிவிட்டாய்! பானையை மாற்றிவிட்டாய்!"

"பானை உங்கள் கண்முன்னேயே இருந்ததே, மகாராஜா."

சடையநம்பி ஒரு வெள்ளை மணியை எடுத்து வேட்டியில் தேய்த்தார், நக்கிப் பார்த்தார். "இது சிவப்புதான். சுண்ணாம்பு பூசியிருக்கிறாள்!" மந்திரிகள் மீசைக்குள் சிரித்தார்கள்.

நங்கை சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரரும் இப்படித்தான். கொஞ்சம் பார்த்ததும் முடிவு கட்டிவிடுகிறார். எதிராக எதைக் காட்டினாலும் அதையும் அந்த முடிவுக்கே சாட்சியாக்கிவிடுகிறார். அவருக்கு அது நோய், மகாராஜா. உங்களுக்கு?"

ராஜா மெதுவாகக் கேட்டார்: "வெள்ளை இவ்வளவு இருக்க, என் கைக்கு மட்டும் எப்படிச் சிவப்பே வந்தது?"

"சிவப்பை நான்தான் மேலாகப் போட்டேன். உங்கள் காதில் மேலாகப் போட்டது யார்? வடக்கு வாசலை ஒட்டி வைத்தியர் வீடு. நேற்று என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனவள் நான். அதிகாரி ஐயா, அவரைப் பார்த்த கண் என்னைப் பார்க்கவில்லையா?"

சடையநம்பியின் வாய், அந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக, திறந்தபடி சும்மா இருந்தது.

ராஜா வெடித்துச் சிரித்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மூன்று மணிக்காக ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தேனே" என்றார். நங்கையைத் தம் ஆலோசனை சபையில் உட்காரவைத்தார். கூத்தனுக்கு வைத்தியமும் சம்பளத்தோடு ஓய்வும் கொடுத்தார். "அதுவரை சங்கை யார் ஊதுவது?" என்று கேட்டதற்கு, "சடையநம்பிக்கு மூச்சு நிறைய இருக்கிறது" என்றார். மறுநாள் காலை அவர் கன்னம் வீங்க ஊதியதைக் கேட்டு, எங்கேயோ எருமை ஈனுகிறது என்று ஊரார் தீவட்டியோடு தேடினார்கள்.

கூத்தனுக்கு ஒரே நாளில் குணமாகவில்லை. நங்கை அவனோடு வாதாடவில்லை. "பயமாக இருக்கிறதா? கூட இருக்கிறேன்" என்பாள். "அவர்கள் சிரித்ததற்கு வேறு காரணமும் இருக்கலாமா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள். "இருக்காது" என்றவன், மாதங்கள் போக, "இருக்கலாம்" என்றான். தூக்கம் வந்தது. சில நாள் நன்றாகவும் சில நாள் மோசமாகவும் போனது.

ஆறாம் மாதம் அவன் தானாகவே வந்து சங்கை வாங்கி ஊதினான். சத்தம் பிசிறில்லாமல் வந்தது. சபைக்குள் வந்த ராஜாவை நெருங்கி, தாழ்ந்த குரலில் கேட்டான்: "மகாராஜா, ஊதும்போது உங்களைப் பற்றி ஒன்று நினைத்தேன். கேட்டதா?"

"இல்லையே. என்ன நினைத்தாய்?"

கூத்தன் ராஜாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தான்.

"கேட்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று, மகாராஜா" என்று சொல்லி, சங்கைத் துடைக்கப் போனான்.