இன்ஜினை மாத்திப் போட்ட கதை

கோணக்காப்பட்டிக்காரங்களைப் பத்தி யாராவது குறை சொன்னா நம்பாதீங்க. தங்கமான மனுஷங்க. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டாங்க. என்ன, சொன்ன சொல்லை அப்படியே செஞ்சிருவாங்க, அது ஒண்ணுதான் சங்கடம்.

அந்த ஊர்ல பரமன்னு ஒருத்தர். ஒருநாள் அவர் சம்சாரம் சந்தைக்கு முன்னால கிளம்பினா. "வர்றப்ப கதவை நல்லாச் சாத்திட்டு வாங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. மனுஷன் உலக்கையை எடுத்தார், கதவைச் சாத்து சாத்துன்னு சாத்தினார். பலகை பிளந்து விழுந்த பிறகுதான் சந்தைக்குப் போனார். "சாத்திட்டேன், போதுமான்னு வந்து பாரு"ன்னு அவகிட்டப் பெருமையா வேற சொன்னாராம். சாயங்காலம் அந்தம்மா அதே உலக்கையால அவரைச் சாத்தினது வேற கதை.

இந்தப் பரமனோட மச்சினன் பேரு ஒச்சப்பன். நல்ல பையன்னு சொல்லணும்னுதான் ஆசை, ஆனா பையன்ங்கிற வயசெல்லாம் எப்பவோ தாண்டிப் போச்சு. பொண்ணு கிடைக்கல. போன இடமெல்லாம் "யோசிச்சுச் சொல்றோம்"னு அனுப்பிட்டாங்க. இவனும் அவங்க யோசிச்சு முடிக்கட்டும்னு வருஷக்கணக்காக் காத்துக்கிட்டு இருந்தான். சொத்துன்னு அவன்கிட்ட இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. அப்பா இல்லாத பையன், நல்லது கெட்டதுக்கு சித்தப்பா சின்னக்காளைதான்.

கடைசியில சாமி கண்ணைத் திறந்துச்சு. மலைமேல குரங்குத்தட்டுன்னு ஒரு ஊர். அங்கே சடையாண்டின்னு ஒருத்தர், மக பவுனுத்தாயியைக் குடுக்கிறேன்னுட்டார். ரெண்டே விஷயம்தான் கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டில குடிக்கிற பழக்கம் உண்டா?"

சின்னக்காளை உள்ளங்கையில சூடத்தை ஏத்தி, "எங்க வீட்டில எதுவும் குடிக்காது சம்பந்தி"ன்னு சத்தியமே பண்ணிட்டார்.

"நல்லது. எங்க மேட்டைப் பார்த்தீங்கல்ல? எம்மக நாளைக்கு அப்பன் வீட்டுக்கு வரப்போக இருக்கணும். அதனால மாப்பிள்ளை தாலி கட்ட வர்றப்ப சொந்த வண்டியில மேடேறி வரணும். நடுவில நின்னா நின்ன இடத்தோட திரும்பிற வேண்டியதுதான். பொண்ணு கிடையாது."

ஒச்சப்பன் ஊருக்கு வந்து வண்டியைச் சோதிச்சுப் பார்த்தான். பின்னாடி ஒரே ஒரு கோழியை ஏத்திக்கிட்டு மலையடிவாரத்துக்கு ஓட்டிட்டுப் போனான். ரெண்டாவது வளைவுல வண்டி இருமுச்சு, நின்னுருச்சு. கோழி இறங்கி நடந்து போயிருச்சு. ஒச்சப்பன் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். "இந்தப் பொண்ணும் போச்சுன்னா எனக்கு யாருய்யா இருக்கா"ன்னு அவன் அழுததைப் பார்த்தா உங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

ஒச்சப்பன், பரமன், சின்னக்காளை மூணு பேரும் டவுன்ல காஜா பாய்கிட்டப் போனாங்க. கைராசியான மெக்கானிக். அன்னைக்கு அவர் மக ஊருக்குப் போற அவசரத்துல இருந்தார். ஒரு காலைப் பஸ் படியில வச்சுக்கிட்டே வண்டிச் சத்தத்தைக் கேட்டார்.

"இழுவை செத்துப் போச்சு. போய் நல்ல இழுவை உள்ள இன்ஜினாப் பாருங்க. பார்த்துட்டு மாத்திப் போட்டுருங்க. எந்த மேடும் ஏறும்."

பஸ் கிளம்பிருச்சு. கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு.

அன்னைக்கே மூணு பேரும் கிணத்தடியில உக்காந்து விவாதத்தை ஆரம்பிச்சாங்க.

"இழுவைன்னா நம்ம கிணத்து மோட்டார் இன்ஜின்தான்"னார் பரமன். "அம்புட்டு ஆழத்துல கிடக்கிற தண்ணியை மேல இழுக்குது. வண்டியை இழுக்காதா?"

சின்னக்காளை மீசையைத் தடவினார். "தண்ணியை இழுக்கும், சரி. மாப்பிள்ளையை இழுக்குமா?"

இது நியாயமான கேள்வின்னு எல்லாருக்கும் பட்டுச்சு. ஒச்சப்பன் கொஞ்சம் யோசிச்சுட்டு, "நான் வேணா வயிறு முட்டத் தண்ணியைக் குடிச்சிட்டு ஏறி உக்காந்துக்கிறேன் சித்தப்பா"ன்னான்.

"அப்படியே இழுத்தாலும், மேட்டு உச்சிக்கு வந்ததும் வாய்க்கால்ல கொண்டுபோய் விட்டுரும்டா. அதுக்குப் பழக்கம் அதுதானே?"

பரமனுக்கும் அது சரின்னு பட்டுச்சு. மோட்டார் இன்ஜின் வேண்டாம்னு முடிவாச்சு.

மறுநாள் காயலான் கடைக்குப் போனாங்க. மலை மாதிரி இன்ஜின் குவிஞ்சு கிடந்துச்சு. கடைக்காரர் ஒரு லாரி இன்ஜினைத் தட்டிக் காட்டினார். "இதை எடுத்துட்டுப் போங்க. யானையைக் கட்டினாலும் இழுக்கும். கொஞ்சம் டீசல் குடிக்கும், அவ்வளவுதான்."

மூணு பேர் மூஞ்சியும் செத்துப் போச்சு.

"என்னது, குடிக்குமா?"

"எல்லா இன்ஜினும் குடிக்கும்ல? இது கொஞ்சம் ஜாஸ்தி. அந்தா இருக்கு பாருங்க, அது கம்மியாத்தான் குடிக்கும்."

"கம்மியாக் குடிக்கிறவனும் குடிகாரன்தான்யா!" சின்னக்காளைக்குக் கோவம் வந்துருச்சு. "சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். கல்யாண வீட்டுக்குக் குடிகார இன்ஜினோட போய் நிக்கவா? குடிக்காத இன்ஜின் எதுவும் இல்லையா?"

கடைக்காரர் அவரை மேலயும் கீழயும் பார்த்தார். "ஓடாத இன்ஜின்தான் பெரியவரே குடிக்காது."

"அப்படிச் சொல்லுங்க! அதுல நல்லதா ரெண்டு எடுத்துக் காட்டுங்க."

கடைக்காரர் எதுவும் காட்டல. உள்ளே போய் விசிறியைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டார்.

"அப்ப நம்ம இன்ஜினும் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சா?"ன்னு பரமன் மெதுவாக் கேட்டார்.

ஒச்சப்பன் பதறிப் போயிட்டான். "அய்யய்யோ, அது வாயைத் திறந்து கேட்டதே இல்ல மச்சான். நானாத்தான் மூடியைத் திறந்து ஊத்துவேன்."

சின்னக்காளை தீர்ப்பு சொன்னார். "தானாத் தேடிப் போய்க் குடிச்சாத்தான் குடி. நாம குடுத்துக் குடிச்சா அது விருந்து. நம்ம இன்ஜின் மேல தப்பு இல்ல. ஆனா இழுவை இல்லையே, என்ன செய்ய?"

அந்த நேரத்துலதான் வாசல்ல டீ கொண்டுவந்த அம்மா பரமனைப் பார்த்துச் சிரிச்சுச்சு. "ஏண்ணே, சட்டையை மாத்திப் போட்டிருக்கீங்க!"

குனிஞ்சு பார்த்தா ஆமா, தையல் வெளியே தெரியுது. கழத்தித் திருப்பிப் போட ஆரம்பிச்சவர், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமா அப்படியே நின்னுட்டார்.

"மாமா! இந்தம்மா என்ன சொல்லுச்சு? மாத்திப் போட்டிருக்கேன்னு சொல்லுச்சுல்ல? நான் என்ன வேற சட்டையா வாங்கினேன்? இதே சட்டையைத்தானே திருப்பிப் போட்டேன்!"

சின்னக்காளைக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "அடேய்! பாய் 'இன்ஜினாப் பாருங்க, பார்த்துட்டு மாத்திப் போடுங்க'ன்னார். வாங்கச் சொன்னாரா?"

"சொல்லல."

"பார்க்கச் சொன்னார். பார்த்தாச்சா?"

"கண்ணு வலிக்கப் பார்த்தாச்சு சித்தப்பா."

"அப்புறம் என்ன? நம்ம இன்ஜினைத் திருப்பி மாட்ட வேண்டியதுதானே!"

புளியமரத்துல சங்கிலியைக் கட்டி ஊரே சேர்ந்து இன்ஜினைத் தூக்குச்சு. முன்பக்கம் பின்பக்கமா, பின்பக்கம் முன்பக்கமாத் திருப்பி இறக்கினாங்க. போல்ட்டு சேராத இடத்துல கிணத்துக் கயிறு, கயிறு எட்டாத இடத்துல பழைய டயர் ட்யூப். அது எப்படி ஓடுச்சுன்னு என்கிட்டக் கேட்காதீங்க. காஜா பாயே பிறகு வந்து பானட்டைத் திறந்து பார்த்துட்டு, அப்படியே மூடிட்டு, ஒரு சோடா வாங்கிக் குடுங்கன்னார்.

பரமன் வண்டியில ஏறி முதல் கியரைப் போட்டார். வண்டி பாய்ஞ்சுச்சு பாருங்க, அப்படியே பின்னால போய் வைக்கோல்போர்ல சொருகிருச்சு. ரிவர்ஸ் போட்டா முனகிக்கிட்டு முன்னால நகந்துச்சு.

"மாமா, வண்டி பின்னால போகுது!"

"வண்டி சரியாத்தான் போகுது. நாமதான் தப்பான பக்கம் பார்த்து உக்காந்திருக்கோம்"னார் சின்னக்காளை. "இழுவையைப் பார்த்தியா? பாய் பாய்தான்யா."

கல்யாணத்தன்னைக்கு விடிஞ்சதும் கிளம்பினாங்க. வண்டி மூஞ்சி ஊரைப் பார்த்து, வண்டி முதுகு மலையைப் பார்த்து. ஓட்டுறது பரமன். "டிரைவர்னா முன்னாடி பார்த்துத்தான் ஓட்டணும்"னு யாரோ எப்பவோ அவருக்குச் சொல்லியிருந்தாங்க. அதனால பின்னாடி நின்னுக்கிட்டு சின்னக்காளை வழி சொன்னார். மாலையோட மாப்பிள்ளை அவர் பக்கத்துல.

முதல் வளைவு. சின்னக்காளை கண்டக்டர் மாதிரி, "ரைட்டு, ரைட்டு, போகட்டும்!"னார். பரமன் வலது பக்கமா ஒடிச்சார். மொத்தக் கல்யாணமும் உண்ணிப் புதருக்குள்ள போயிருச்சு.

"ஏன்யா ஒடிச்சீரு?"

"நீங்கதானே மாமா ரைட்டுன்னீங்க?"

"ரைட்டுன்னா நேராப் போன்னு அர்த்தம்யா!"

"அப்ப ரைட்டுல திரும்புறதுக்கு என்ன சொல்வீங்க?"

சின்னக்காளை வாயில ஒட்டின இலையைத் துப்பினார். "அதுக்குச் சொல் இல்ல. அங்கே மட்டும் நான் கையைக் காட்டுறேன்."

"நான் முன்னாடி பார்த்துக்கிட்டு இருப்பேனே!"

இதைப் பேசித் தீர்த்து, முள்ளை எடுத்து, மாலையை உதறி, கிளம்பினப்ப வெயில் ஏறிருச்சு. ரெண்டாவது வளைவு வந்துச்சு. கோழி இறங்கி நடந்த அதே இடம். ஒச்சப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, தெரிஞ்ச சாமியையெல்லாம் கூப்பிட்டான். வண்டி இருமுச்சு. தும்முச்சு. நிக்கல. ஒரே தம்மா மேலே ஏறிருச்சு.

"சித்தப்பா, எனக்குப் பொண்ணு கிடைச்சுருச்சு!"ன்னு ஒச்சப்பன் குதிச்சான். குதிச்சதுல கீழே விழுந்து, ஓடி வந்து திரும்ப ஏறினான்.

குரங்குத்தட்டுல முகூர்த்த நேரம் நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. பாறை மேல காவலுக்கு நின்ன ஆள் திடீர்னு அலறினான். "சடையாண்டியண்ணே! மாப்பிள்ளை வண்டி தெரியுது! ஆனா முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கு! திரும்பிப் போறாங்க!"

கோணக்காப்பட்டிக்காரங்களுக்குப் பொண்ணு குடுக்கிற ஊர் எப்படி இருக்கும்? சடையாண்டி துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓடினார். பின்னாடியே ஊர் ஓடுச்சு.

"போகாதீங்க சம்பந்தி! என்ன குறை வச்சோம்? சொல்லிட்டாவது போங்க!"

"நாங்க போகல சம்பந்தி, வந்துக்கிட்டு இருக்கோம்!"

"வர்றவங்க எதுக்கு முதுகைக் காட்டுறீங்க?"

அவங்க கெஞ்சக் கெஞ்ச வண்டி கிட்டே வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசியில சடையாண்டி வயித்துல இடிச்சு நின்னுச்சு. இப்பத்தான் பெரிய சிக்கல். மாப்பிள்ளை மூஞ்சி மலையைப் பார்க்குது, வண்டி மூஞ்சி அடிவாரத்தைப் பார்க்குது.

"மாப்பிள்ளை வந்துட்டார், ஒத்துக்கிறேன்"னார் சடையாண்டி. "ஆனா வண்டி போயிருச்சே! வண்டி ஏறி வரணும்னுதானே பேச்சு?"

ஒச்சப்பன் மாமனார் கையைப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, அது வந்துருச்சு மாமா. உங்க வயித்தைத் தொட்டுக்கிட்டு நிக்குது மாமா"ன்னான். அழுகை வந்துருச்சு.

கூட்டத்தை விலக்கிக்கிட்டுக் கல்யாணப் பொண்ணு பவுனுத்தாயி வந்தா. வண்டியை ஒரு சுத்து சுத்தினா. முள்ளுக் கீறின மூஞ்சியோட நிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்தா.

"அப்பா, போற வண்டியே இம்புட்டு தூரம் வந்திருக்குன்னா, வர்ற வண்டியா இருந்தா எம்புட்டு தூரம் வந்திருக்கும்? எனக்கு இவர்தான் வேணும்."

இதுக்கு மேல யார் என்ன பேச முடியும்? தாலி கட்டியாச்சு. ஒச்சப்பன் மூணாவது முடிச்சைப் போட்டுட்டு நாலாவதும் போடட்டுமான்னு கேட்டான், அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிட்டு முடிச்சுப் பொண்ணு மாப்பிள்ளை கிளம்புறப்ப சடையாண்டி கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார். "எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. பொண்ணை அழைச்சிட்டுப் போறப்ப யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும்."

"பார்க்கவே மாட்டோம்"னு சின்னக்காளை சத்தியம் பண்ணினார். சூடம் தீர்ந்து போனதால வெறுங்கையில.

வண்டி அடிவாரத்தைப் பார்த்து ரெடியா நின்னுச்சு. பரமன் முதல் கியரைப் போட்டார். வண்டி பாய்ஞ்சு பந்தக்காலைப் பேர்த்துச்சு. பின்னாலதான் போகும்ங்கிறது அப்பத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சு. ஊரே கூடி வண்டியைத் தூக்கித் திருப்பி வச்சுச்சு, மூஞ்சி பொண்ணு வீட்டைப் பார்த்து, முதுகு பள்ளத்தைப் பார்த்து. போன மழையில ஆழமாப் பதிஞ்ச சக்கரத் தடத்துக்குள்ள வண்டி இறங்கிருச்சு. அதை விட்டு வேற எங்கேயும் போக முடியாது. ஆக, சொன்ன சொல் தவறாம, ஒருத்தரும் திரும்பிப் பார்க்காம, எல்லாரும் பொண்ணு வீட்டையே பார்த்துக்கிட்டு மலை இறங்கினாங்க.

முன் சீட்டுல உக்காந்திருந்த பவுனுத்தாயி அப்பனுக்குக் கையை ஆட்டிக்கிட்டே கேட்டா. "ஏங்க, நாம இப்பப் போறோமா, வர்றோமா?"

"தெரியலம்மா"ன்னான் ஒச்சப்பன். "பாய் ஊர்லேருந்து வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

மேலே, அழுதுக்கிட்டு நின்ன சடையாண்டி பளிச்சுன்னு நிமிர்ந்தார். பாதையில வண்டியோட மூஞ்சி தெரியுது. உள்ளே மக சிரிச்சுக்கிட்டுக் கையாட்டுறா.

"அடியே, உலையை வையி!"ன்னு பெஞ்சாதியைப் பார்த்துக் கத்தினார். "மறுவீட்டுக்கு இன்னைக்கே வர்றாங்கடி!"

அந்தம்மா கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்த்தா. "வர்றாங்க, சரி. ஆனா வரவர வண்டி சின்னதாகிக்கிட்டே வருதே?"

சடையாண்டி நல்லா உத்துப் பார்த்துட்டுச் சொன்னார்.

"அப்ப அரிசியைக் கம்மியாவே போடு."