குளவிக் கூட்டின் ஓட்டை

மலையடிவாரத்து மடம் அது. அங்கே குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது அதிகம். குரு தையல்நாயகி அம்மாள். சீடர் தாண்டவன், கொத்தனார் வேலையை விட்டவர். மனைவி போனபிறகு மடத்துக்கு வந்தார். பந்தியில் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்தாலும் தனியாகச் சாப்பிடுவதுபோலத்தான் இருந்தது அவருக்கு.

ஒரே மகள் பூங்கோதை. அசாமில் வேலை கிடைத்திருக்கிறது, நீங்கள் சரி என்றால்தான் போவேன் என்று எழுதியிருந்தாள். போக வேண்டாம் என்று பதில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மறுநாள் தபால்காரர் வரும் நாள்.

அன்று காலை குருவிடம் வந்து, கறையான் உசத்தியா குளவி உசத்தியா என்று கேட்டார். இந்த வயதில் இப்படி ஒரு சந்தேகமா என்று சிரித்தார் குரு.

தாண்டவன் ஒரு மாதமாகப் பார்த்ததைச் சொன்னார். கதவு நிலையில் கறையான் மண்பாதை போட்டிருக்கிறது. விரலால் கொஞ்சம் உடைத்தால் போதும், இருபது முப்பது ஓடிவந்து பூசிவிடும். குளவியோ சுவரில் ஒற்றையாளாகக் கூடு கட்டி, முட்டையிட்டு, புழுவைப் பிடித்து உள்ளே வைத்து, வாயைப் பூசிவிட்டுப் போனது. போனதுதான், திரும்பி வரவே இல்லை.

"நேத்து அந்தக் கூட்டுல ஓட்டை விழுந்திருந்துச்சும்மா. வந்து பார்க்க யாரும் இல்ல. பாவமா இருந்துச்சு, நானே களிமண் குழைச்சு அடைச்சேன். இன்னிக்கும் அதே இடத்துல விழுந்துச்சு. இப்பதான் இன்னும் கனமா பூசிட்டு வர்றேன்."

குரு எழுந்து போய்ப் பார்த்தார். கொத்தனார் கை அல்லவா, பூச்சு வழவழவென்று இருந்தது. காதை வைத்துக் கேட்டார். பிறகு தாண்டவனையும் காதை வைக்கச் சொன்னார்.

உள்ளே சுரண்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

தாண்டவன் பதறிப்போனார். நகத்தாலேயே ஈரமண்ணை வழித்து எடுத்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு மீசைகள் எட்டிப் பார்த்தன. சின்னக் குளவி ஒன்று வெளியே வந்து, சிறகை நீவிக்கொண்டு, யாரையும் தேடாமல் பறந்துபோனது.

காலிக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார் தாண்டவன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெத்தவ ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கலாமேம்மா."

"வந்திருந்தா அவளும் உங்கள மாதிரியே பூசிட்டுத்தான் போயிருப்பா, அண்ணே" என்றார் குரு.

தாண்டவன் சட்டைப்பையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதத்தை எடுத்த கையில் மண் இன்னும் காயாமல் இருந்தது.