மேலத்துறைக் கெண்டை

கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வடிந்து, மீன் அருகிப்போன நேரம். வலையிழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோன வீராயிக்கு அன்றைக்குத்தான் ஒரு கூடை கெண்டை விழுந்தது. அதை விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

கரையேறினால், குடையும் ஆளுமாக எதிரே நிற்கிறார் மேலத்துறை மிராசுதார் தில்லைநாயகம்.

"கூடையை இறக்குடி. என் துறையிலே வளர்ந்த மீன்தானே கீழே இறங்கி உன் வலையிலே விழுந்திருக்கு? மேலேயிருந்து வர்றதெல்லாம் என் சொத்து."

"எல்லாமேவா, எசமான்?"

"துரும்பு வந்தாலும் என்னுதுதான்!"

துணி துவைத்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வாதாடத் தெம்பில்லாமல் வீராயி கூடையை அவர் காலடியில் இறக்கினாள்.

"எடுத்துக்கங்க. அப்படியே அந்த நாணல் ஓரமா ஒதுங்கிக் கிடக்கிற செத்த எருமையையும் தூக்கிக்கிட்டுப் போயிருங்க. அதுவும் மேலேயிருந்துதான் வந்துச்சு. யாருதுன்னு தெரியாமத்தான் ஊரே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

துறையே சிரித்தது. மிராசுதார் குதித்தார்.

"எருமை எப்படிடி என்னுதாகும்? ஆத்தோட வந்தது எங்கே ஒதுங்குதோ, அந்த ஊர்க்காரங்க பாடு!"

வீராயி பெருமூச்சு விட்டுக் குனிந்து, கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா, இறக்கி ஏத்துற பாடாவது எனக்கு மிச்சமாயிருக்கும், எசமான்."